மன்னார்குடி டிரங்குப் பெட்டியும் இடக்கை நீட்டிய போதிசத்துவரும்

போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கும்பகோணத்தில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை, பைக்குள் பிஸ்கட் டப்பா. டப்பாவைத் திறக்கும் முன்பே கேட்டுவிட்டார்.

"அண்ணே, புத்தர் படம் தப்பா அச்சான ஒரு அணா ஸ்டாம்ப் பதினஞ்சு லட்சத்துக்குப் போகுதாமே, நிஜமா?"

வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது இந்தக் கேள்வியோடு என்னிடம் வருவார்கள். டெல்டாவில் பழைய வீடுகள் இடிபட இடிபட, பரண் மேலிருந்து டிரங்குப் பெட்டிகள் இறங்குகின்றன. பெட்டிக்குள் கடிதங்கள் இருக்கும். அப்புறம் யாராவது ஒரு வீடியோவைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்தப் பெட்டியோடு மட்டும் மூன்று வாரம் உட்கார்ந்தேன். அதில் பார்த்ததை முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பெட்டி வந்த வழி

தம்பியின் தாத்தா நெல் கமிஷன் வியாபாரி. நாகப்பட்டினம், திருவாரூர், சென்னை என்று பல ஊர்களிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கடைகளில் செய்வதுபோல, படித்து முடித்த கடிதத்தை உறையோடு சேர்த்து ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு உறையின் நடுவிலும் ஒரு சின்ன ஓட்டை. கம்பி நிரம்பியதும் கட்டாகக் கட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறார். இருபது வருஷத்துக் கடிதங்கள் வருஷ வரிசை மாறாமல் அப்படியே இருந்திருக்கின்றன.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்த வீட்டின் ஓடுகள் பறந்தன. பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கியது. தம்பியின் அம்மா கட்டுகளைப் பிரித்து, கயிற்றுக் கட்டிலில் பரப்பிக் காய வைத்து, பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார். "மாமனார் கையெழுத்து, பதில் எழுதின தேதியெல்லாம் உறை மேலேயே குறிச்சிருப்பாரு, எப்படித் தம்பி தூக்கிப் போடறது?" என்று என்னிடம் சொன்னார்.

அம்மா காப்பாற்றியதில் ஒரு பகுதி மகன் கையால் போனது. பதினைந்து லட்சம் வீடியோவைப் பார்த்ததும் அவர் நாற்பது உறைகளை எடுத்து, ஸ்டாம்ப் இருந்த மூலையைக் கத்தரித்து, பேசினில் வெந்நீர் ஊற்றி ஊற வைத்துவிட்டார். ஸ்டாம்புகள் அழகாகக் கழன்று வந்தன. கத்தரித்த உறைகளும் காகிதத் துண்டுகளும் குப்பையோடு எரிந்துபோயின. பிஸ்கட் டப்பாவில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அந்த நாற்பது உறைகளின் ஸ்டாம்புகள்தான். அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தெரியாமல் செய்தவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? "மிச்ச உறையை இனிமே தொடாதீங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

பிழை என்று நினைத்த இரண்டு

டப்பாவில் மூன்று ஸ்டாம்புகளைத் தனியாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். மூன்றும் பிழை ஸ்டாம்பு என்பது அவர் நம்பிக்கை.

முதலாவது, ஒரு ஆல்பத்தில் இருந்த பிற்காலத்து ஸ்டாம்பு. பச்சையாக இருக்க வேண்டிய இலைகள் நீலமாக இருந்தன, மஞ்சள் மையே விழவில்லை என்றார். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். ஸ்டாம்பின் ஒரு ஓரத்தில் மட்டும், ஆல்பத்தின் காகித மடிப்பு மறைத்திருந்த இடத்தில், மெல்லிய கோடாகப் பச்சை மிச்சம் இருந்தது. அச்சில் மஞ்சள் விட்டுப்போயிருந்தால் அங்கேயும் நீலம்தான் இருந்திருக்கும். ஜன்னலோரம் வெயில் பட்டு மஞ்சள் வெளுத்திருக்கிறது. வண்ணம் விட்டுப்போனது என்று விற்கப்படும் ஸ்டாம்புகளில் இப்படிப்பட்டவை நிறைய.

இரண்டாவது, சுற்றிலும் பல் இல்லாத ஸ்டாம்பு. துளை போடும் எந்திரத்துக்குத் தப்பி வந்தது என்றால் அரிய பொருள்தான். ஆனால் துளை விழாத தாளிலிருந்து வெட்டிய ஸ்டாம்பில், படத்துக்கு வெளியே வழக்கத்தைவிடக் கொஞ்சமாவது அதிகமாக வெள்ளை ஓரம் இருக்க வேண்டும். இதன் ஓரம் சாதாரண ஸ்டாம்பைவிடக் குறுகியிருந்தது. யாரோ பல்லைக் கத்தரியால் சீவியிருக்கிறார்கள். இரண்டு ஸ்டாம்பு ஒட்டியபடி ஜோடியாக இருந்து நடுவில் துளை இல்லாவிட்டால்தான் இந்த வகையை நம்பலாம்.

மூன்றாவதுதான் புத்தர்.

1949இல் திரும்பிவிட்ட சிலை

அது புத்தர் இல்லை, போதிசத்துவர், அதாவது புத்தராகப் போகிறவர். சுதந்திர இந்தியா 1949 ஆகஸ்ட் 15 அன்று, நாசிக் அச்சகத்தில் அச்சிட்ட 16 ஸ்டாம்புகள் கொண்ட தொல்பொருள் வரிசையை வெளியிட்டது. கோனார்க் குதிரை, சாஞ்சி வாயில், கோல்கும்பஸ், தாஜ்மகால் என்று போகும் அந்த வரிசையில் இரண்டணா ஸ்டாம்பில் நம் நடராஜர். ஒரு அணாவில் போதிசத்துவர். அந்த ஒரு அணாவில்தான் சிலையின் படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது. மூலச் சிலையில் நீண்டிருப்பது வலக்கை, ஸ்டாம்பில் நீண்டிருந்தது இடக்கை. 1950 ஜூலை 15 அன்று திருத்திய ஸ்டாம்பு வந்தது.

ஆக, தம்பி கேட்ட கதையில் பாதி உண்மை. பிழை உண்மை, அவர் கையில் இருந்ததும் இடக்கை நீட்டிய அந்தப் பிழை ஸ்டாம்புதான். பதினைந்து லட்சம் பொய். முத்திரை விழுந்த பிழை ஸ்டாம்பு எந்த ஸ்டாம்புக் கண்காட்சியிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். காரணம் எளிது. பதினோரு மாதம் நாடு முழுக்க எல்லாத் தபால் ஆபீஸிலும் விற்ற ஸ்டாம்பு அது. ஒரு அணா என்றால் சாதாரண ஜனங்கள் தினமும் வாங்கியது. பிழையில்லாத ஸ்டாம்பு என்று ஒன்றே அந்தப் பதினோரு மாதத்தில் கிடையாது.

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். படம் வரைகிறபோதே புகுந்த பிழை வேறு, அச்சு எந்திரத்தில் புகுந்த பிழை வேறு. வரைபடத்தில் தப்பு என்றால் அச்சாகிற ஒவ்வொன்றிலும் அந்தத் தப்பு இருக்கும். அச்சில் தப்பு என்றால் சில தாள்களோடு போய்விடும்.

கல்கத்தா சர்வே அலுவலகத்தில் 1854இல் கல்லச்சில் அடித்த நாலணாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சட்டம் ஒரு தடவை, நீலத்தில் விக்டோரியா ராணியின் தலை இன்னொரு தடவை என்று ஒரே தாளை இருமுறை அச்சில் ஏற்றினார்கள். ஏதோ சில தாள்கள் இரண்டாம் தடவை தலைமாறி உள்ளே போக, ராணி தலைகீழானார். அப்போது யாரும் கவனிக்கவில்லை, எல்லாம் கடிதத்தில் ஒட்டப்பட்டுப் போய்விட்டன. இன்று உலகத்தில் மிஞ்சியவை ஏறக்குறைய முப்பது. மிஞ்சியதெல்லாம் முத்திரை குத்தியவை. அமெரிக்காவின் 24 சென்ட் விமான ஸ்டாம்பிலும் அதே கதை. 1918 மே 14 அன்று வில்லியம் ரோபி என்பவர் வாஷிங்டன் தபால் ஆபீஸில் நூறு ஸ்டாம்பு கொண்ட ஒரு தாள் வாங்கினார், நூறிலும் விமானம் தலைகீழ். அந்த ஒரே தாள்தான் வெளியே வந்தது. அதிலிருந்து ஒரு ஸ்டாம்பு 2023இல் இருபது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 1855இல் நீலப்பச்சையில் வந்திருக்க வேண்டிய ஸ்வீடனின் மூன்று ஸ்கில்லிங், எட்டு ஸ்கில்லிங்குக்கு உரிய மஞ்சளில் அச்சானது. அதில் தெரிந்த பிரதி ஒன்றே ஒன்று.

வரைபடப் பிழைகளைப் பாருங்கள். செயின்ட் கிட்ஸ் நெவிஸ் தீவுகளின் 1903 ஸ்டாம்பில் கொலம்பஸ் தொலைநோக்கியில் பார்க்கிறார். அவர் இறந்தது 1506, தொலைநோக்கி வந்தது அதற்கு நூறு வருஷம் கழித்து. கிழக்கு ஜெர்மனி 1956இல் இசையமைப்பாளர் ஷூமானுக்கு ஸ்டாம்பு போட்டபோது பின்னணியில் ஷூபர்ட்டின் இசைக்குறிப்பை அச்சடித்தது, அதே வருஷம் மாற்றியது. அமெரிக்கச் சுதந்திர தேவி ஸ்டாம்பில் இருந்தது நியூயார்க் சிலையே இல்லை, லாஸ் வேகாஸில் இருக்கும் நகல். அந்த நகலைச் செய்த சிற்பி வழக்குப் போட்டு, 2018இல் 35 லட்சம் டாலர் அளவுக்கு இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கினார். தீர்ப்பு வருவதற்கு முன்பே ஸ்டாம்பு கோடிக்கணக்கில் விற்றுப் போயிருந்தது. பேச எவ்வளவு சுவையாக இருந்தாலும், இவற்றை ஒரு மாணவன் தன் கைக்காசில் வாங்கிவிடலாம்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. வரைபடப் பிழையைச் சட்டென்று கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றுவிட்டால் அதுவும் அரிதாகிவிடும். சீனா 1968இல் நாடு முழுக்கச் சிவப்பு என்று ஒரு ஸ்டாம்பு போட்டது, அதன் வரைபடத்தில் தைவானுக்குச் சிவப்பு பூசவில்லை. வெளியான அன்றே அதைத் திரும்பப் பெற உத்தரவு போனது, அதற்குள் விற்றுப்போன கொஞ்சம்தான் இன்று பெரும் விலைக்குப் போகிறது. அதற்கு நேர் எதிராக இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கா 1962இல், ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஹாமர்ஷால்டு நினைவாகப் போட்ட நாலு சென்ட் ஸ்டாம்பில் மஞ்சள் பின்னணி தலைகீழாக விழுந்த ஒரு தாளை ஒருவர் கண்டெடுத்தார். தபால் துறை என்ன செய்தது தெரியுமா? அதே பிழையை வேண்டுமென்றே கோடிக்கணக்கில் அச்சடித்து விற்றது. அந்த மனிதரின் கண்டுபிடிப்பு சீக்கிரமே காசு பெறாததாகிவிட்டது. அது பெரிய அநியாயம் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

ஆக, ஒரு ஸ்டாம்பு கையில் கிடைத்தால் நான் கேட்பது இரண்டே கேள்விதான். தப்பு எந்த இடத்தில் புகுந்தது? அதை யாராவது கவனிப்பதற்குள் எத்தனை ஸ்டாம்பு தபால் ஆபீஸ் ஜன்னலைத் தாண்டிப் போனது?

சுவாமிமலையில் ஒரு மத்தியானம்

பதினோரு மாதம் ஏன் ஆனது என்ற கேள்வி என்னை விடவில்லை. இரண்டு ஒரு அணா ஸ்டாம்பையும் இரண்டணா நடராஜரையும் பெரிதாகப் படமெடுத்துக்கொண்டு சுவாமிமலையில் எனக்குப் பழக்கமான ஸ்தபதி ஒருவரிடம் போனேன். காவிரி வண்டல் பூசிய அச்சுகள் நிழலில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு மெழுகு விரலை நிமிண்டிக்கொண்டே படங்களைப் பார்த்தார்.

நடராஜரைப் பார்த்ததும், "இது சரியா இருக்கு. உடுக்கை வலக்கையில, தீ இடக்கையில, தூக்கினது இடக்கால். இது மாறியிருந்தா தஞ்சாவூர் ஜில்லாவே கேட்டிருக்குமே" என்றார். போதிசத்துவர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல எது சரின்னு மூலத்தைப் பார்க்காம சொல்ல மாட்டேன் சார். எனக்குப் பழக்கமில்லாத திருமேனி. ரெண்டும் லட்சணமாத்தான் இருக்கு" என்றார்.

எனக்கு வேண்டிய பதில் அதில் இருந்தது. நெகட்டிவை மறுபக்கமாக வைத்தால் போதும், எந்தச் சிலையும் இப்படிப் புரண்டுவிடும். நடராஜர் என்றால் அச்சகத்துக்கு வெளியே லட்சம் கண்கள் காவலுக்கு இருக்கின்றன. போதிசத்துவருக்கு அந்தக் காவல் இல்லை. திருத்திய ஸ்டாம்பு வரும் வரை அவர் இடக்கையை நீட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போனார்.

ஒரே உறையில் இருவர்

மறுவாரம் மன்னார்குடிக்குப் போய், கத்தரிக்குத் தப்பிய கட்டுகளை அம்மா முன்னிலையில் பிரித்தோம். உறைகளில் துருப்புள்ளியும் பூஞ்சையும் இருந்தன, சிலவற்றை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. 1950ஆம் வருஷக் கட்டில் பாதிக்கு மேல் போன பிறகு ஒரு உறை வந்தது. வலது மேல் மூலையில் ஒரு அணா ஸ்டாம்புகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியவை. முதலில் ஒரே மாதிரி இரண்டு என்றுதான் நினைத்தேன். லென்ஸை வைத்ததும் கை நடுங்கியது. இடது ஸ்டாம்பில் இடக்கை, வலது ஸ்டாம்பில் வலக்கை. இரண்டின் மேலும் பரவினாற்போல ஒரே முத்திரை, 1950 டிசம்பர் 4. ஊர்ப்பெயர் அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டில் நெகபடாம், அதாவது நாகப்பட்டினம்.

திருத்திய ஸ்டாம்பு வந்து ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகியும் பழையதும் கூடவே புழங்கியிருக்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பழைய தாளில் கடைசியாக மிஞ்சிய ஒன்றையும் புதுத் தாளில் முதல் ஒன்றையும் கிழித்துக் கொடுத்திருக்கலாம். அல்லது அனுப்பியவரின் மேஜை டிராயரில் பழையது ஒன்று கிடந்திருக்கலாம். எப்படியானாலும் பிழையும் திருத்தமும் ஒரே முத்திரையின் கீழே தேதியோடு நிற்கின்றன. ஸ்டாம்பு இரண்டையும் கழற்றினால் இரண்டு சில்லறை ஸ்டாம்பு. உறையில் இருக்கும்வரை அது ஒரு சாட்சி.

அதுவும் நாகப்பட்டினத்திலிருந்து! ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் நின்ற ஊர். ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது தான நிலமாக, விட்ட செப்பேட்டுக்கு லெய்டன் செப்பேடு என்றே பெயர். 1856இலிருந்து மண்ணுக்குள்ளிருந்து பௌத்தச் செப்புத் திருமேனிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தது அங்கேதான். அந்த ஊர்த் தபால் ஆபீஸில் ஒரு போதிசத்துவர் கை மாறி வந்து, திருந்திய தன்னோடு சேர்ந்து நெல் வியாபாரிக்குப் போயிருக்கிறார். இதற்கும் ஸ்டாம்பின் விலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் திண்ணையில் எனக்கு இதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு

விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து லட்சம் வராது, சில நூறு ரூபாயிலிருந்து ஆரம்பிக்கும், பிடித்த ஒருவர் கண்ணில் பட்டால் கூடலாம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அம்மா உறையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பென்சிலால் 'பதில் 7ந் தேதி' என்று மாமனார் எழுதியிருந்தது. "இது இங்கேயே இருக்கட்டும்" என்றார். அதோடு விலைப் பேச்சு முடிந்தது.

உறைகளை பிவிசி பிளாஸ்டிக் கலக்காத பாலியஸ்டர் உறையில் போட்டு, நட்டுக்குத்தலாக அட்டைப் பெட்டியில் அடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். பிவிசி நாளாக நாளாகப் பிசுபிசுத்து மையைத் தின்றுவிடும். ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள் வைக்காமல் காற்றோட்டமான அறையில், தரையிலிருந்து உயரத்தில் வைக்க வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். இதெல்லாம் தம்பி இப்போது என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார். வலக்கை ஸ்டாம்பு அந்த வட்டாரத்துக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று தேடுவதில் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. 1950 ஜூலையிலிருந்து ஒவ்வொரு உறையாகப் பார்த்துத் தேதியைக் குறிக்கிறார். இதுவரை கிடைத்ததில் முந்தையது செப்டம்பர் 9.

போன வாரம் போன் செய்தார். பிஸ்கட் டப்பாவில் கழுவிய ஸ்டாம்புகளைத் திரும்ப ஒருமுறை லென்ஸில் பார்த்தாராம். திருத்திய வலக்கை ஸ்டாம்பு ஒன்றின் ஓரத்தில் முத்திரையின் கால்வாசி விழுந்திருக்கிறது. 19 என்ற தேதி, அதை ஒட்டி ஆங்கிலத்தில் ஜே, யூ என்ற இரண்டு எழுத்துகள். அதோடு ஸ்டாம்பின் பல் வந்துவிடுகிறது. மாதத்தின் கடைசி எழுத்தும் வருஷமும் உறையின் மேல் விழுந்திருக்கின்றன.

1950 ஜூலை 19 என்றால், வெளியாகி நாலாம் நாள். அடுத்த வருஷத்து ஜூனாகவும் இருக்கலாம்.

"அந்த உறை இருந்தா தெரிஞ்சிருக்கும்ல அண்ணே?" என்று கேட்டார். இருந்தால் தெரிந்திருக்கும் என்றேன்.